திருக்கோயிலும் அறங்காவலரும்



வீட்டிற்குத் தலைவர் உண்டு. கடைக்கு முதலாளி உண்டு. உங்கள் ஊர்க் கோயில் யாருடையது? வரலாற்றாசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நாட்களில் இவ்வினாவை நான் வகுப்பில் பன்முறை எழுப்பியதுண்டு. கட்டிய அரசனுடையது என்பான் ஒருவன். பூசை செய்யும் அர்ச்சகருடையது என்பான் மற்றொருவன். ஊராருடையது என்பான் இன்னொருவன். நம் முன்னோர் கண்ட விடை வேறு. கோயிலின் நிலமும் பொன்னும் அங்கு எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கே உரியவை. மக்களுக்கு உரியது அவற்றைக் காக்கும் பொறுப்பு.

அப்பொறுப்பைச் சுமந்தவர்களைச் சோழர் கல்வெட்டுக்களில் காண்கிறோம். நிர்வாகத்தை நடத்தியவர் 'ஸ்ரீகாரியம் செய்வார்' எனப்பட்டார். தேவகன்மிகள், கணக்கர், பண்டாரத்தார், மெய்காவலர் எனப் பலர் அவருடன் பணிபுரிந்தனர். சிவன்கோயிற் கல்வெட்டுக்கள் பல, 'இது பன்மாகேசுவரர் இரட்சை' என்று முடிகின்றன. இவ்வறம் அடியார் கூட்டத்தின் காவலுக்கு உரியது என்பது அதன் பொருள்.

1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலை நோக்குவோம். அங்கு ஸ்ரீகாரியம் செய்தவர் ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான். இராஜராஜன் அளித்த பொன் 'ஆடவல்லான்' என்னும் நிறைகல்லால் நிறுக்கப்பட்டு, நிறையும் மணிகளின் தொகையும் சுவரில் வெட்டப்பட்டன. ஒரு விளக்கு நாள்தோறும் எரிய உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்வாட்டை 'சாவா மூவாப் பேராடு' என்றனர். கிழடு கழியக் குட்டி வளரும். ஆகவே மந்தை குறைவதற்குச் சாக்கு இல்லை! பண்டாரத்தாராக அனுப்பப்படுவோர் நிலமும் உறவும் பொருளும் உடையவராக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். குறை நேர்ந்தால் பொறுப்பேற்கத் தக்கவரே பொற்சாவியைத் தொடலாம் என்பது இதன் கருத்தாதல் வேண்டும்.

இத்தனை விதிகளும் கண்காணிப்பார் இல்லையேல் பயனற்றவை என்பதற்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. வேலூரை அடுத்த திருவல்லத்தில் இறைவனுக்கு ஆயிரங்குட நீராட்டு நடத்த வந்த மதுராந்தகன் கண்டராதித்தன், திருவமுது இருநாழி அரிசியாகச் சுருங்கியதையும் விளக்குகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததையும் கண்டார். உடனே கோயிலாரையும் ஊர்ச் சபையாரையும் அழைத்து வரவு செலவைக் கேட்டார். அவ்விசாரணையும் கல்லிலேயே பதிவாயிற்று.

பிற்காலத்தில் இக்காவல் பல கை மாறியது. 1817-இல் கம்பெனி அரசு சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வையைத் தன் வருவாய்த் துறையிடம் ஒப்படைத்தது. பின்னர் அதனினின்று விலகியது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்க் குழுக்களை அமைத்தது. 1925-இல் அறநிலைய வாரியமும், 1951-இல் அரசுத் துறையும் சட்டத்தால் அமைந்தன. 1959-ஆம் ஆண்டுச் சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் வழக்கில் உள்ளது. தர்மகர்த்தா என்னும் பெயர் அறங்காவலர் என்றாயிற்று. பரம்பரையாக வருவோராயினும் நியமனம் பெறுவோராயினும், கணக்குக் காட்டும் கடமை இருவர்க்கும் ஒன்றே.

இதனை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. ஓய்வு பெற்றபின் எங்கள் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றில் அறங்காவலருள் ஒருவனாக இருந்தேன். மாதந்தோறும் எண்ணெய்க் கணக்கு வரும்; ஒப்பமிடுவேன். ஒருநாள் மாலை காலந்தாழ்த்திச் சென்றபோது மேற்குச் சந்நிதி இருண்டு கிடந்தது. ஏட்டிலோ அவ்விளக்கு நாள் தவறாது எரிந்திருந்தது! எழுதியவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். கீழே என் ஒப்பம் இருந்தது. பாராமல் ஒப்பமிட்டவனும் அக்குற்றத்தில் பங்காளிதான் என்று அன்று தெளிந்தேன். அதன்பின் விளக்கைப் பார்த்தே ஏட்டைத் தொட்டேன்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பத்தூரில், சிதைந்த விசுவநாதர் கோயிலருகே 1976-இல் மண்ணினின்று ஒரு நடராசர் திருமேனி வெளிப்பட்டது. அது களவாகக் கடல் கடந்தது. இலண்டனில் வழக்கு நடந்தது. பூசையற்று இடிந்து கிடந்த அக்கோயிலே ஒரு வழக்காளியாக நின்றது. அதன் சார்பில் பேசியவர், அறங்காவலரின் இடத்தில் பொறுப்பேற்ற 'தக்கார்'. கோயில் தன் தக்கார் வழியே வழக்காடலாம் என்பதை அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் ஏற்றது. அவ்வாண்டே இறைவன் தாய்நாடு திரும்பினார்.

தக்கார் என்பது எத்துணை பொருத்தமான சொல்! அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது, வலம் வருகையில் சற்று நின்று சுவரிலுள்ள எழுத்துக்களைப் பாருங்கள். அவற்றுட் பல, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நமக்கு எழுதிவைத்த கணக்கு. அதனைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை அக்காவல் உங்கள் கைக்கு வரலாம்.