துருவுக்குத் தகடு வைத்தவர்கள்

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொரிஸ் மைனர், பிறக்கும்போதே வெட்டி ஒட்டப்பட்ட கார். அதன் அகலம் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸின் கண்ணுக்குக் கடைசி நேரத்தில் உறுத்தியது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டியபின்தான் திருப்தியானார். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். பம்பர்கள் அதற்குள் தயாராகிவிட்டதால் அவற்றையும் அறுத்து, நடுவில் ஒரு துண்டு வைத்து முடுக்கி அனுப்பினார்கள். பிரிட்டனில் 10 லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தொட்ட கார் இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 லட்சத்தை எட்டியிருந்தது. அவற்றில் இன்றும் ஓடுகிறவை பெரும்பாலும் வெட்டியும் ஒட்டியும் பிழைத்தவை. அந்த வெட்டும் ஒட்டும் துருவின் உபயம்.

துரு இரும்போடு பிறந்தது. ஆனால் கார் உரிமையாளரின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முந்தைய கார்களுக்கு அடியில் கனமான சேஸ் இருந்தது. அதன் மேல் ஆஷ் மரச்சட்டம். சட்டத்தின் மேல் தகடு. சேஸில் துரு ஏறினாலும் அதைத் தின்று தீர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். மட்கார்டு இத்துப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். வண்டியின் பலம் தகட்டில் இல்லை என்பதால் தகட்டின் நோய் வண்டியின் உயிரைத் தொடவில்லை. அந்தக் கால உரிமையாளர் துருவைவிட மரம் உளுத்துப்போவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டிருப்பார்.

1930களில் கதை மாறியது. 1934இல் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான்ட், அடுத்த ஆண்டு ஓப்பல் ஒலிம்பியா என்று தனிச் சேஸ் இல்லாத கார்கள் பெருவாரியாக வரத் தொடங்கின. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக்கி, ஸ்பாட் வெல்டிங்கால் இணைத்து, உடம்பையே சேஸாக்கிவிட்டார்கள். எடை குறைந்தது, விலை குறைந்தது, சாலையில் பிடிமானம் கூடியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிகளின் உட்புறத்துக்குப் பெயின்ட் போய்ச் சேரவில்லை. ஸ்பாட் வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். தண்ணீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சக்கரம் வாரி இறைத்த சேறு வடிகால் துளைகளை அடைத்துவிட்டால் உள்ளே புகுந்த ஈரத்துக்கு வெளியேற வழியே இல்லை. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகும் என்பதால், அந்த வீக்கமே ஸ்பாட் வெல்டிங்கைப் பிளந்து இன்னும் கொஞ்சம் தண்ணீருக்கு இடம் கொடுக்கும். வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள்.

இத்தனைக்கும் மேல் சாலையில் உப்பு வந்து விழுந்தது. பனி உறையாமல் இருக்க உப்பைத் தூவும் வழக்கத்தை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் தொடங்கியது. 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்கா முழுவதற்கும் 5,000 டன் போதுமானதாக இருந்தது. எழுபதுகளில் அது ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டன். தண்ணீரில் கரைந்த உப்பு மின்னோட்டத்தை எளிதாகக் கடத்தும். துருப்பிடிப்பது அடிப்படையில் ஒரு மின்வேதி வினை என்பதால் அதன் வேகம் எகிறிவிடும். பிரிட்டனும் ஐரோப்பாவின் வடபகுதியும் இதே வழியில் போயின. பனிக்கட்டியில் வழுக்கிச் சாகாமல் இருக்கச் சாலைகள் கண்டுபிடித்த மருந்து, கார்களுக்கு விஷமாகிவிட்டது.

வீங்கிய தகட்டை டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? பழைய கைத்தொழில் ஒன்று இருந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியைச் சுடரில் காட்டி வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, விலங்குக் கொழுப்பில் தோய்த்த மரக்கரண்டியால் தகட்டின் மேல் வழித்துப் பரப்புவார்கள். சூடு கொஞ்சம் கூடினால் ஈயம் ஒழுகித் தரையில் விழும். குறைந்தால் மணல் மணலாகி உதிரும். கார் தொழிற்சாலைகளே மூட்டுகளை மறைக்க இந்த ஈயப்பூச்சைத்தான் நம்பியிருந்தன. ஐம்பதுகளில் பாலியெஸ்டர் பட்டி வந்தபின் இந்த வித்தைக்கு வேலை குறைந்தது. இரண்டு பசையைக் குழைத்துத் தடவினால் கால்மணி நேரத்தில் கல்லாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம். நல்ல பொருள்தான். ஆனால் கெட்ட வேலைக்கும் அதுவே வசதி செய்து கொடுத்தது. ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே கோழிவலையை வைத்து, அதன் மேல் பட்டி பார்த்துப் பளபளவென்று விற்கப்பட்ட கார்கள் அறுபதுகளின் பிரிட்டனில் ஏராளம். அவற்றைப் பின்னாளில் பிரித்தவர்கள், உள்ளே கிடைத்த செய்தித்தாளின் தேதியை வைத்தே மோசடி நடந்த ஆண்டைச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விளையாட்டை நிறுத்தியது சட்டம். போக்குவரத்து அமைச்சகத்தின் பெயரால் எம்ஓடி என்று அழைக்கப்படும் கட்டாயச் சோதனை 1960 செப்டம்பரில் தொடங்கியது. முதலில் 10 ஆண்டு கடந்த கார்களுக்கு மட்டும். பார்த்தது பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மட்டும். அடுத்த ஆண்டே வயது வரம்பு 7 ஆண்டாகவும், 1967இல் 3 ஆண்டாகவும் இறங்கியது. உடம்புக்கூட்டின் நிலையும் சோதனைக்குள் வந்தது 1977இல். அன்றோடு பட்டி பூசித் தப்பிக்கும் காலம் முடிந்தது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் போன்றவை உடம்போடு சேரும் இடங்களில், 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் பலம் கெட்ட தகடு இருந்தால் கார் தோற்றது. சோதகர் கட்டைவிரலால் அழுத்துவார், சிறு கருவியால் தட்டுவார். நல்ல தகடு கணீரென்று சொல்லும், இத்த தகடு மொத்தென்று காட்டிக்கொடுக்கும். ஒட்டுப் போடலாம், ஆனால் ஓரம் முழுக்க இடைவிடாமல் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். ரிவெட், பட்டி, ஃபைபர் எதுவும் செல்லாது. மைனரின் 'டிராவலர்' வகையில் பின்பகுதிச் சட்டம் மரம். அழகுக்காக வைத்த மரம் அல்ல, சுமை தாங்கும் மரம். ஆகவே மரம் உளுத்துப்போய்ச் சோதனையில் தோற்கும் பெருமையும் அந்தக் காருக்கு உண்டு.

சட்டம் இறுகியதும் பிரிட்டனின் சந்துகளில் ஒரு தொழில் செழித்தது. வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் சிறிய மிக் வெல்டிங் மெஷின்கள் எண்பதுகளில் மலிவாகக் கிடைத்தன. 1980இல் தொடங்கிய 'பிராக்டிகல் கிளாசிக்ஸ்' இதழ் சாதாரண ஆட்களுக்குச் 'சில்' மாற்றக் கற்றுக்கொடுத்தது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிதான் சில். சேஸ் இல்லாத காருக்கு முதுகெலும்பு மாதிரி.

அதை மாற்றும் வேலையில் முதல் பாடம், எடுத்தவுடன் அறுக்கக் கூடாது என்பது. காரைச் சமமாக நிறுத்தி, கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையைத் தற்காலிகமாக வைத்து வெல்டிங் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் சில்லை அறுத்தால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு எத்தனை அடித்தாலும் கதவு சாத்தாது. அதன்பின் ஸ்பாட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு வெளித்தகட்டை உரித்தால், உள்ளேயிருந்து பழுப்புத் தூளும் காய்ந்த சேறும் கொட்டும். பல சமயம் முந்தைய டிங்கர் பழைய சில்லின் மேலேயே புதிய சில்லைப் போர்த்தியிருப்பார். அதற்கு முந்தையவர் அதன் மேல் இன்னொன்று. மூன்று தலைமுறைத் தகட்டையும் உரித்து, வெள்ளி போல மின்னும் இரும்பு தட்டுப்படும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். புதிய சில்லைக் கவ்விகளால் பிடித்து, கதவை மாட்டி, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்தபிறகே வெல்டிங். பலர் கோட்டைவிடுவது அதற்குப் பிறகுதான். வெல்டிங்கின் சூட்டில் உள்பக்கத்துப் பிரைமர் கருகிப்போயிருக்கும். ஆகவே வாக்ஸாயில் போன்ற மெழுகெண்ணெயை வெந்நீர் வாளியில் வைத்து இளக்கி, நீண்ட குழாய் வழியே பெட்டிக்குள் பீய்ச்ச வேண்டும். அடித்து முடித்தபின் வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிட வேண்டும். பல நாள் வேலை வீணாகாமல் காப்பது இந்தக் குச்சிதான்.

பெட்டிக்குள் எண்ணெய் பீய்ச்சும் யோசனை தொழிற்சாலைகளில் உதித்ததல்ல. டெட்ராய்ட்டில் வேலை பார்த்த ஜெர்மன் மெக்கானிக் கர்ட் ஸீபார்ட், துரு உள்ளிருந்து வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, தகட்டில் துளை போட்டு உள்ளே காப்புப் பூச்சைத் தெளிக்கும் கடையை 1959இல் திறந்தார். அமெரிக்கக் கார்களின் தலைநகரிலேயே, கம்பெனிகள் செய்யாமல் விட்டதைச் செய்து அவர் ஒரு வியாபாரத்தையே கட்டி எழுப்பினார்.

கம்பெனிகளுக்கு உறைத்தது 1980இல் என்று சொல்லலாம். இத்தாலியின் லான்சியா பீட்டா காரில் எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டத்தின் இணைப்பே துருவில் அரிக்கப்படுவதைப் பிரிட்டிஷ் பத்திரிகையும் தொலைக்காட்சியும் அந்த ஆண்டில் அம்பலப்படுத்தின. லான்சியா தொடக்ககாலப் பீட்டாக்களைத் திரும்ப வாங்கி நொறுக்க வேண்டிவந்தது. நல்ல எஞ்சின், நல்ல ஓட்டம், நூறு பந்தய வெற்றிகள் எதுவும் காப்பாற்றவில்லை. 1994இல் அந்தப் பெயர் பிரிட்டனை விட்டே வெளியேறியது. சோவியத் நாட்டில் ஆலை கட்டிக் கொடுத்ததற்குக் கூலியாக ஃபியட் வாங்கிய மட்டமான இரும்புதான் இத்தாலியக் கார்களைக் கெடுத்தது என்று இன்றும் ஒரு கதை உலவுகிறது. உறுதியான ஆதாரம் இல்லாத கதை அது. தண்ணீர் தேங்கும் மடிப்புகளும் அரைகுறைப் பெயின்டுமே போதும். இரும்பைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

மருந்து அதற்கு முன்பே கையில் இருந்தது. உடம்பு முழுவதையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சந்துபொந்தெல்லாம் பெயின்டை இழுத்து ஒட்டவைக்கும் முறையை ஃபோர்டு அறுபதுகளிலேயே கொண்டுவந்துவிட்டது. துத்தநாகம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தாலும் துத்தநாகமே முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். போர்ஷே 1975இலும், ஆடி தன் 100 காரில் 1985இலும் உடம்பு முழுவதற்கும் அதைக் கையாண்டன. எல்லாக் கம்பெனிகளும் அதே வழிக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. தாமதத்துக்குச் செலவே காரணம். பத்தாண்டில் இத்துப்போகும் கார், புதிய கார் விற்கும் கம்பெனிக்குப் பெரிய நஷ்டமில்லை என்ற கணக்கும் எங்கோ ஓடியிருக்கும் என்று சந்தேகிக்கலாம்.

அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் பட்டறையை நடத்திய சார்ல்ஸ் வேர். காரை மறுபடி மறுபடி செப்பனிட்டு ஓட்டுவது, புதிது புதிதாக வாங்குவதைவிட மலிவு என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் செப்பனிடத் தகடு வேண்டுமே? தொண்ணூறுகள் வந்தபோது மைனர் உற்பத்தி நின்று இரண்டு பத்தாண்டுகள் ஆகியிருந்தன. விடை இலங்கையிலிருந்து வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அங்கே மைனர்கள் கைவிடப்படாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே அந்தக் காரின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த கைகளும் இருந்தன. தொண்ணூறுகளில் இலங்கைத் தொழில்முனைவர் ஒருவரோடு வேர் கூட்டுச் சேர்ந்தார். தரைத்தகடு, சில், மூலைத்தகடு என்று இலங்கையில் அடித்த பாகங்கள் கப்பலேறிப் போய் இங்கிலாந்தின் மைனர்களில் வெல்டிங் ஆயின. பிரிட்டன் உலகத்துக்குக் கார் அனுப்பிய பாதையில், காரின் அடிவயிறு எதிர்த்திசையில் பயணம் செய்தது.

அதே தீவின் வடக்கே யாழ்ப்பாணத்தில், உள்நாட்டுப் போரின்போது பழைய கார் என்பது விருப்பம் அல்ல, கட்டாயம். போர்க்காலப் பொருள்தடையில் பெட்ரோல் இல்லாதபோது ஆஸ்டின் ஏ-40களும் மொரிஸ் மைனர்களும் சில சொட்டுப் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. கடற்காற்று மூன்று பக்கமும் வீசும் ஊரில் அவற்றின் தகடுகளைக் காத்தது அந்தந்த ஊர் வெல்டிங்காரரின் கைதான்.

தமிழ்நாட்டிலும் மைனரின் சொந்தங்கள் ஓடின. மைனரையே 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரிலும், அதன் பெரிய உறவான மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அம்பாசடராகவும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. இங்கே சாலையில் உப்பு இல்லை. கடலோரக் காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தன. வாட்டர் சர்வீஸ் முடித்து அடியில் ஆயில் ஸ்பிரே அடிக்கும் பழக்கம், ஸீபார்ட்டின் யோசனைக்கு நம் ஊர் ஏழைத் தம்பி. தரைத்தகடு ஓட்டையானால் புதுத் தகட்டை வெட்டி, சுத்தியலால் வளைத்து, கேஸ் வெல்டிங் வைத்து, ரெட் ஆக்சைடு அடித்துவிடுவார்கள். கூலி மலிவாக இருந்ததால் இங்கே யாரும் உதிரிபாகம் தேடி அலையவில்லை. டிங்கரே ஒரு தொழிற்சாலை.

பிரிட்டனில் இன்னொரு திருப்பமும் நடந்தது. எம்ஜிபி காரின் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988இல் அதன் முழு உடம்பையே புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ். துரு தின்ற காரிலிருந்து எஞ்சினையும் சக்கரத்தையும் கழற்றிப் புதுக்கூட்டில் மாட்டினால் போதும்.

2018 மே முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 வயது கடந்த கார்களுக்கு எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. எல்லா மைனர்களும் இந்த வயதைத் தாண்டியவை. காரைச் சாலையில் ஓடும் தகுதியோடு வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் சட்டப்படி உரிமையாளருடையதே. உரிமையாளர்களில் ஒரு பகுதியினர் இன்றும் ஆண்டுதோறும் பணம் கட்டிக் காரைத் தாங்களாகவே சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். சில்லை இன்னொருவர் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக.