மலையைத் துளைத்த வேகமும் வற்றிய கிணறுகளும்

பண்டாரவளைக்குப் புகையிரதம் வந்தது 1894இல். பதுளையை அடைந்தது 1924இல். சுமார் 30 கிலோமீற்றர் தூரத்துக்கு முப்பது ஆண்டுகள். தாமதம் முழுவதற்கும் பாறையே காரணமன்று. ஆயினும் தெமோதரைச் சுற்றுவளைவையும் சுரங்கங்களையும் கண்டோர், ஊவாவின் மலை எளிதில் வழிவிடாது என்பதை அறிவர்.

அதே மலைக்குள் இன்னொரு பாதை நம் காலத்தில் துளைக்கப்பட்டது. உமாஓயாவின் நீரைத் திருப்பி 120 மெகாவாற் மின்சாரம் பெறவும், வறண்ட தென்கிழக்குக்குப் பாசனநீர் வழங்கவும் 2008இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. ஈரானின் ஃபராப் நிறுவனம் கட்டியது. சர்வதேசத் தடைகளால் ஈரானியக் கடன் நின்றபோது, இலங்கை அரசே செலவை ஏற்றது.

சுமார் 15 கிலோமீற்றர் நீளமான பிரதான சுரங்கத்தை இராட்சத இயந்திரம் குடைந்தது. உருக்குத் தட்டுகளைப் பாறையில் அழுத்திச் சுழற்றி நொறுக்குவது அதன் வேலை. குவார்ட்ஸ் மிகுந்த பாறையில் தட்டுகள் விரைவில் தேயும். ஆனால் பெருந்தடை கடினமன்று. வெடிப்புகளில் தேங்கிய நீர். 2014 டிசம்பரில் அது சுரங்கத்துள் பாய்ந்தது. மேலே ஹீல்ஓயா, மகுல்எல்ல முதலிய ஊர்களில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் வீதிக்கு வந்தனர்.

ஆழ்துளை எரிவாயுக் கிணறு தோண்டுவோர் அறிந்த பாடம் ஒன்றுண்டு. பாறையின் அழுத்தத்துக்கு ஈடாகச் சேற்றுக் கரைசலின் கனத்தைக் கூட்டுவர். குறித்த ஆழத்தில் நிறுத்தி, உருக்குக் குழாய் இறக்கி, சீமெந்தால் அடைப்பர். அந்த நிறுத்தமும் வேகத்தின் ஒரு பகுதியே. சுரங்கத்திலும் முன்னே சிறுதுளையிட்டு நீரைச் சோதித்து, சீமெந்துக் குழம்பைச் செலுத்தி அடைத்த பின்பே முன்னேற வேண்டும்.

சுவீடனின் ஹலண்ட்சோஸ் புகையிரதச் சுரங்கம் இதற்குச் சான்று. 1992இல் தொடங்கிய 8.7 கிலோமீற்றர் வேலை, நீர்க்கசிவாலும் அதை அடைக்கச் செலுத்திய இரசாயனத்தின் நச்சாலும் 1997இல் நின்றது. சுரங்கம் திறக்கப்பட்டது 2015இல்தான். ஆக, ஊவாவில் நீர் பீறிடுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே உலகம் இப்பாடத்தைக் கற்றிருந்தது.

2024 ஏப்ரல் 24 அன்று, அன்றைய ஈரான் ஜனாதிபதி ரைசியின் முன்னிலையில் உமாஓயா திறந்துவைக்கப்பட்டது. பயன் இல்லை என்று கூறுவது நியாயமன்று. ஆயினும் நட்டத்தின் கணக்கில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சொந்த நிலமும் கிணறும் உடையவர் தம் இழப்பைப் பத்திரத்தோடு காட்டலாம். லயன் அறையில் வாழ்ந்து, மலையூற்றின் பீலியில் குடம் பிடிக்கும் தோட்டக் குடும்பம் எதைக் காட்டும்? அந்த நிலமும் அதற்கில்லை, ஊற்றும் அதன் பெயரில் இல்லை.

ஒரு நாளில் எத்தனை மீற்றர் துளைத்தோம் என்பதைப் பொறியியல் ஏடு பதிகிறது. மலைமேல் எத்தனை பீலிகள் நின்றன என்பதும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.