கோழி முட்டையிலிருந்து மார்பகப் புற்றுநோய் வரை: ஒரு முயல் எதிர்ப்பொருளின் பயணம்

மைசூர் சமஸ்தானம் 1907இல் பெங்களூரில் வழங்கிய ஏறத்தாழ 371 ஏக்கர் நிலத்தில் 1909இல் நிறுவப்பட்டது இந்திய அறிவியல் கழகம். அங்கு உயிர்வேதியியல் பேராசிரியராக விளங்கிய பி. ஆர். அடிகா, கோழி முட்டையிலுள்ள ஒரு புரதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவ்வாய்வு இறுதியில் மார்பகப் புற்றுநோயைச் சென்றடைந்தது. அதற்கு வழி திறந்தவற்றுள் முதன்மையானது முயலின் சீரம்.

முட்டை இடப்பட்ட பின் குஞ்சுக்குத் தாயிடமிருந்து எதுவும் எட்டாது. வளரும் கருவுக்கு வேண்டிய ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினைத் தாய் முன்கூட்டியே முட்டைக்குள் சேர்த்துவைக்க வேண்டும். அதைச் சுமந்து சேர்ப்பது ஒரு தனிப் புரதம். பரம்பரைக் குறையால் இப்புரதத்தை உருவாக்க இயலாத கோழிகளின் முட்டைகளில் கரு ஏறத்தாழ 13ஆம் நாளில் இறந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் தூண்டுதலால் கோழியின் கல்லீரல் இப்புரதத்தைச் சுரக்கிறது.

நஞ்சுக்கொடி வழியே கருவை ஊட்டும் பாலூட்டிகளிலும் இத்தகைய புரதம் உண்டா என்பதே அடிகா குழுவின் கேள்வி. தூய்மையாக்கிய கோழிப் புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், முயலின் உடல் அதை அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்கும். அவை ஒரே வகையின அல்ல. வெவ்வேறு செல் வழிகளிலிருந்து தோன்றும் அவை, ஒரே புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். ஆகவேதான் அவற்றைப் பாலிகுளோனல் என்கின்றனர். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் உருவாக்கிய மோனோகுளோனல் முறையில் கிடைக்கும் எதிர்ப்பொருளோ ஒரே பகுதியை மட்டும் அறியும். வேற்றினப் புரதத்தில் அந்த ஒரு பகுதி மாறியிருந்தால் அது உறவைத் தவறவிடும். முயலின் சீரமோ ஏதேனும் ஒரு பகுதியிலாவது ஒற்றுமையைக் கண்டுகொள்ளக்கூடும்.

கருவுற்ற எலியின் சீரத்தில் அவ்வாறே ஒரு புரதம் அடையாளம் காணப்பட்டது. 1982இல் ரமண மூர்த்தியும் அடிகாவும் 'சயின்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். கோழிப் புரதத்துக்கு எதிராகத் தடுப்பாற்றல் ஊட்டப்பட்ட எலிகளில், தாயின் நலம் கெடாமலே கருவளர்ச்சி தடைப்பட்டது என்பதே அது.

ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் புரதம் எனில், ஈஸ்ட்ரோஜனோடு தொடர்புடைய புற்றுநோயில் அதன் நிலை யாது என்ற வினா இயல்பாகவே எழுந்தது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்களும், 2001இல் அஞ்சலி கரண்டே, அடிகா உள்ளிட்ட பெங்களூர்க் குழுவினரும், மார்பகப் புற்றுநோயுற்ற பெண்களின் சீரத்தில் இப்புரதத்தின் அளவு உயர்ந்திருப்பதை அறிவித்தனர். பெங்களூர்க் குழு கட்டித் திசுவிலும் அதைக் கண்டது.

ஆயினும் இது மருத்துவமனைகளில் வழக்கமான சோதனையாக நிலைபெறவில்லை. ஓர் எதிர்ப்பொருள் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பது ஒப்புமைக்குச் சான்றேயன்றி, இரண்டும் ஒன்றே என்பதற்குச் சான்றாகாது. ஒலி ஒத்திருப்பதால் மட்டுமே இரு மொழிச் சொற்களை ஒரே வேரின என்று கொள்ள முடியாததைப் போன்றதே இது. எந்தப் பகுதிகள் பொதுவானவை என்று சோதிக்க அதே குழு மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களையும் உருவாக்கியது. வேறுபல ஆய்வகங்களிலும் தவறான புரதத்தைப் பற்றிய எதிர்ப்பொருள்களால் முடிவுகள் பிழைத்ததுண்டு. ஒரு முயலின் சீரம் தீர்ந்தபின் மற்றொரு முயலிடமிருந்து அதே கலவை கிடைப்பதில்லை.

இன்று புட்டியில் வாங்கும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும் மாணவர், சவ்வில் தோன்றும் கோட்டைக் கண்டதும் புரதத்தின் பெயரை எழுதிவிடுகிறார். அப்புரதம் அறவே இல்லாத மாதிரியில் அக்கோடு மறைகிறதா என்று பார்த்த பின்னரே அப்பெயரை எழுத வேண்டும். முயலின் சீரம் உறவினரைச் சுட்டிக்காட்டும்; அவர் யார் என்று உறுதிசெய்வது ஆய்வாளரின் கடமை.