ஒரே ஒரு கிராமத்திலே (தடையும் வழக்கும்)

சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்ததால் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த 1980-களின் தமிழ்த் திரைப்படம். காயத்ரி என்ற பிராமணப் பெண், கருப்பாயி என்ற பெயரில் போலிச் சாதிச் சான்றிதழ் பெற்று ஐ.ஏ.எஸ். அதிகாரியாகிறாள், உண்மை வெளிப்பட்டதும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறாள். சலுகைக்குப் பொருளாதார நிலையே அளவுகோல் என்பது படத்தின் வாதம்.

தலைமுறைகளாகப் போராடிப் பெற்ற உரிமையை ஒரு போலிச் சான்றிதழின் கதையாகச் சுருக்கியது பலரைக் காயப்படுத்தியது, அக்கோபம் நியாயமானதே. ஆனால் எதிர்ப்பு கண்டனத்தோடு நிற்கவில்லை. படத்துக்கு அளிக்கப்பட்ட ‘யு’ தணிக்கைச் சான்றிதழை எதிர்த்து வழக்குத் தொடரப்பட, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதற்கிடையில் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

மேல்முறையீட்டில், எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜகஜீவன் ராம் வழக்கில், 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டளித்தது. படம் வெளியானால் வன்முறை வெடிக்கும் என்று தமிழக அரசு வாதிட்டது. ஆனால் ஆர்ப்பாட்ட மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலாது என அரசு கைவிரிக்கக் கூடாது, தடைக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஆபத்து உடனடியானதாகவும் படத்தோடு நேரடித் தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் விளக்கினர். பிற்காலத் திரைப்படத் தடை வழக்குகளில் இத்தீர்ப்பு தொடர்ந்து மேற்கோள் காட்டப்படுகிறது.