சுவரிலிருந்து காதுக்கு

கோடம்பாக்கத்தில் நிசப்தம் என்றைக்குமே ஓசியில் கிடைத்ததில்லை. 1931 முதல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது. மேம்பாலம் வருவதற்கு முன் ரயில்வே கேட்டில் நிற்கிற கார்களின் ஹாரன். ஆற்காடு ரோட்டில் பஸ். இது போதாதென்று காக்கைகள். இத்தனை இரைச்சலுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் தமிழ் சினிமா தன் குரலைப் பதிவு செய்தது.

டப்பிங் தியேட்டரில் கேபிள் சுருட்டும் பையனாகச் சேர்ந்து, மிக்சிங் வரை வந்தவன் நான். வேலைக்காக மும்பை, ஹைதராபாத் என்று அடிக்கடி பறப்பதால் பையன்கள் கேட்கிறார்கள்: “அண்ணே, ஃப்ளைட்ல போட்டுக்க எந்த இயர்போன் வாங்கலாம்?” மாடல் பெயரைச் சொன்னால் அடுத்த தீபாவளிக்குள் அது பழசாகிவிடும். வெளியில் இருக்கும் சத்தத்தை அடைக்க இந்த ஊர் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதைச் சொன்னால், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

மதராஸில் முதல் பேசும்பட ஸ்டுடியோ கோடம்பாக்கத்தில் பிறக்கவில்லை. 1934இல் ஏ. நாராயணன் தொடங்கிய சீனிவாசா சினிடோன் அது. அங்கே எடுத்த ‘சீனிவாச கல்யாணம்’ படத்துக்கு ஒலிப்பதிவு அவர் மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். சூரிய வெளிச்சத்தை நம்பிப் படம் பிடித்த காலம். கூரையை மூடினால் வெளிச்சம் போச்சு, திறந்தால் சத்தம் வந்துவிடும். காக்கைகளை விரட்டுவதற்கென்றே ஏர்கன்னோடு ஆள் வைத்திருந்தார்கள். மைக்கை மூட வழியில்லாததால் ஊரை அடக்கப் பார்த்த காலம் என்று அதைச் சொல்வேன்.

அடுத்தது சுவரின் காலம். காரைக்குடியில் நாடகக் கொட்டகையில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஏவி.எம். 1948இல் கோடம்பாக்கத்துக்கு வந்தது. பக்கத்திலேயே வடபழனியில் நாகி ரெட்டியின் விஜயா–வாஹினி பெரிய சாம்ராஜ்யமாக வளர்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்ததால் ஃப்ளோர்களை நாலு பக்கமும் மூட முடிந்தது. கனத்த சுவர், உள்பக்கம் சாக்கும் நாரும், வாசலில் சிவப்பு விளக்கு. மணி அடித்து “சைலன்ஸ்!” என்று கத்தினால் சுத்தியல் பிடித்த கை அப்படியே நிற்கும். கேமரா போடும் கரகரப்பை அடைக்க அதன்மேல் ‘பிளிம்ப்’ என்ற கனமான உறை.

பாட்டுக்கு இன்னும் நல்ல அறை வேண்டியிருந்தது. ஏவி.எம்.மைத் தொடங்கிய ஏவி. மெய்யப்பன் 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாட வைத்திருந்தார். 1945இல் ‘ஸ்ரீவள்ளி’யில் குமாரி ருக்மணிக்கு பி.ஏ. பெரியநாயகியின் குரலைக் கொடுத்தார். பாட்டைத் தனியாகப் பதிவு செய்யும் பழக்கம் வேரூன்றியதும் ரெக்கார்டிங் தியேட்டர்கள் எழுந்தன. இரட்டைக் கதவு: ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். கன்சோல் அறைக்கு இரண்டு அடுக்குக் கண்ணாடி. டேக்கின்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள், வயலின்காரர்கள் சட்டை நனைய வாசிப்பார்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது நேராகவே காதில் விழும்போது ஹெட்போன் எதற்கு? யாராவது ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து.

அந்த ஹெட்போனைத் தலைதோறும் ஏற்றியவை இரண்டு மாற்றங்கள். முதலாவது, படப்பிடிப்பு ஃப்ளோரை விட்டு ஊருக்குப் போனது. 1977இல் வந்த ‘16 வயதினிலே’க்குப் பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பே வழக்கமாகிவிட்டது. தோளில் தூக்கிப் போக வசதியான ஆரிஃபிளெக்ஸ் 2சி கேமரா தையல் மிஷின் மாதிரி ஓடும். அந்த இரைச்சலோடு பதிவான வசனம் ‘பைலட் ட்ராக்’ மட்டுமே, படத்துக்கு உதவாது. எல்லா வசனத்தையும் டப்பிங் தியேட்டரில் மறுபடி பேச வேண்டும். படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி ‘லூப்’ போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுவோம். ஆர்ட்டிஸ்ட் ஒரு காதில் பைலட்டைக் கேட்டுக்கொண்டே உதட்டைப் பார்த்துப் பேசுவார்.

இரண்டாவது, மல்டி ட்ராக். வாத்தியம் இன்றைக்கு, பாடகர் நாளைக்கு என்றானதும் முன்பே பதிவானதைக் கேட்டபடி பாட வேண்டியிருந்தது. தாளம் தப்பாதிருக்க ஹெட்போனில் ‘கிளிக்’ ஓடும். இங்கேதான் சிக்கல். பாடகருக்குத் தன் குரலும் வெளியே கேட்க வேண்டும், ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தி வைத்துக்கொள்வார். அந்த இடுக்கு வழியாகக் கிளிக் கசிந்து மைக்கில் ஏறிவிடும். சரணத்துக்கு முன்னால் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், பின்னால் டிக், டிக், டிக். அதனால்தான் முதுகு மூடிய, காதைச் சுற்றி மெத்தை வைத்த ஹெட்போனை எங்கள் ஆட்கள் தேடித் தேடி வாங்கினார்கள். மெத்தை உப்பு படிந்து வெடித்துவிட்டால் கசிவு தொடங்கும். அதை மாற்றுவது கேபிள் பையனின் வேலை. சவுண்ட் தரத்தைவிட அடைப்பு முக்கியம் என்பதை நான் படித்த பள்ளிக்கூடம் இதுதான்.

ஒவ்வொருவராக ஹெட்போனில் கேட்டுத் தனித்தனியே பதிவு செய்ய முடிந்த பிறகு, எல்லோரையும் அடக்கும் பெரிய கூடம் இருக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளாகத்திலேயே பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. அதற்குப்பின் சாலிகிராமம், வடபழனி அடுக்ககங்களில் படுக்கையறை அளவில் டப்பிங் ஸ்டுடியோக்கள் முளைத்தன. வாஹினி இருந்த இடத்தில் இப்போது மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன.

இனி விமானம். அதில் போட்டுக்கொள்ளும் இயர்போனின் வித்தையை விளக்க மைக்கிலிருந்து தொடங்க வேண்டும். மைக் கேபிளின் கேனன் பின்னில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டால் அந்த மைக்கின் ‘ஃபேஸ்’ திரும்பிவிடும். ஒரே தபலாவுக்கு வைத்த இரண்டு மைக்கில் ஒன்று இப்படித் திரும்பியிருந்தால், கலக்கும்போது அடிநாதம் காணாமல் போகும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் கூடிக் கழிந்துவிடும். எங்களுக்கு அது திட்டு வாங்கித் தரும் கோளாறு. ஜெர்மன்காரர் பால் லூக் அதையே சத்தத்தை அழிக்கும் வழியாக்கி 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்து விடுதலை வீரரின் மகனும், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவருமான அமர் போஸ், 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமான ஹெட்போனில் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காமல், சத்தத்தை அழிக்கும் ஹெட்போனுக்குச் சீட்டிலேயே கணக்குப் போடத் தொடங்கினார். 1986இல் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானிகள் அவருடைய மாதிரிகளைப் பயன்படுத்தினார்கள். 1989இல் விமானிகளுக்கும், 2000இல் பயணிகளுக்கும் அந்த ஹெட்போன் விற்பனைக்கு வந்தது.

இன்றைய இயர்போனிலும் உள்ள இந்த வித்தை தாழ்ந்த சுருதியில் ஒரே சீராக ஓடும் என்ஜின் முழக்கத்தில் நன்றாகப் பலிக்கும். குழந்தையின் அழுகை, பின்சீட்டுப் பேச்சு போல மேலே ஏறி இறங்கும் சத்தத்தில் அவ்வளவாகப் பலிக்காது. அதற்கு எங்கள் பழைய அடைப்புதான் கதி. ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் முனை. பெட்டியில் இரண்டு மூன்று சைஸ் வைத்திருப்பார்கள், மாட்டி வந்ததையே போட்டுக்கொள்ளாதீர்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவு என்று சட்டமில்லை. காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் சொருகி, ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். குரல் மண்டைக்குள் கனத்துக் கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. பஞ்சு முனையானால் உருட்டிச் சொருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். விமானம் இறங்கும்போது கழற்றிவிடுங்கள். அழுத்தம் மாறுகையில் இறுகிய அடைப்பு வலி கொடுக்கும்.

இதெல்லாம் சொகுசுக்காக இல்லை. பறக்கும் விமானத்துக்குள் சுமார் 80 முதல் 85 டெசிபல் இரைச்சல். கசியும் இயர்போனில் பாட்டு அதை மிஞ்ச வேண்டுமானால் 94 வரை ஏற்றிவிடுவீர்கள். 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரம்பு, 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் (NIOSH) கணக்கு. அப்படியானால் 94க்கு 1 மணி நேரம்தான். மும்பை போய்ச் சேருமுன்பே அது தீர்ந்துவிடும். கேமரா, லைட், மைக், ராஜா கிரீடம் வரை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிற ஊர் கோடம்பாக்கம். காது மட்டும் இங்கேயும் வாடகைக்குக் கிடைக்காது, தம்பி.