ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்: ஒரு மாணவன் தொடங்கி வைத்த கதை

பழைய கார் ஒன்றில் பெரிய எஞ்சின் வைக்கப் போகிறேன் என்று கிளம்பிய நண்பன், செலவுக் கணக்கைக் கூட்டித் தரச் சொல்லி நோட்டை நீட்டினான். (பி.காம் படித்தால் இதற்குத்தான் கூப்பிடுவார்கள்!) டர்போ, பிஸ்டன் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. ஒரு வரியில் மட்டும் "ஷாஃப்ட் - அலுமினியம்?" என்று கேள்விக்குறி. கியர்பாக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகும் அந்தக் குழாய்க்கு என்ன பெரிய கதை இருந்துவிடப் போகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் சைக்கிள் மாதிரி சங்கிலிதான். மண் ஏறும், சத்தம் போடும், தேயும். 1898-ல் லூயி ரெனோ தன் முதல் காரில் சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட் வைத்தார். ஆனால் பின் அச்சு மேடு பள்ளத்தில் ஏறி இறங்குமே, அதனால் ஷாஃப்டின் முனையில் வளைந்துகொடுக்கும் மூட்டு தேவை. அந்த மூட்டு புதிதல்ல. சூரியனைப் பார்க்கும் கருவிக்காக ராபர்ட் ஹூக் 1676-லேயே அதை எழுதி வைத்துவிட்டார். ஒரு மூட்டு மட்டும் சாய்வாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் அதே கோணத்தில் இன்னொன்றைச் சரியாகப் பொருத்தினால் அது சமனாகிவிடும்.

இதைக் காருக்கு ஏற்றபடி செய்து விற்றவர் க்ளாரென்ஸ் ஸ்பைசர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது செய்த வேலை அது. 1903-ல் காப்புரிமை கிடைத்தது. கார் கம்பெனிகள் கேட்க ஆரம்பிக்கவே, படிப்பை விட்டுவிட்டு 1904-ல் நியூஜெர்ஸியின் பிளெயின்ஃபீல்டில் தயாரிப்பில் இறங்கினார். நல்ல பொருள், நிறைய ஆர்டர், ஆனாலும் கையில் காசில்லை! 1914-ல் சார்லஸ் டானா என்ற வக்கீல் பணத்தோடு வந்துதான் கம்பெனி நிமிர்ந்தது. 1946-ல் கம்பெனியின் பெயரே டானா ஆகிவிட்டது. ஸ்பைசர் என்ற பெயர் மூட்டுகளின் பிராண்டாக மிஞ்சியது. முதலீட்டாளர் பெயர் போர்டில், கண்டுபிடித்தவர் பெயர் காருக்கு அடியில்.

ஃபோர்டு மாடல் டி முதலான கார்களில் ஷாஃப்ட் ஒரு கெட்டியான குழாய்க்குள் மறைந்திருந்தது. செவர்லே 1955-ல் அதை விட்டுத் திறந்த ஷாஃப்டுக்கு மாறியது. அறுபதுகளில் பெரிய வி8 எஞ்சின்கள் வந்தபோது இரண்டு பயங்கள் பெரிதாகின.

முதல் பயம், முறுக்கிக்கொண்டு உடைவது. 500 நியூட்டன் மீட்டர் எஞ்சின், முதல் கியர் விகிதம் 3 என்றால் ஷாஃப்டுக்கு வருவது 1500. நல்ல டயர் போட்டு கிளட்சைப் படாரென்று விட்டால் அதற்கும் மேல் அடி விழும்.

இரண்டாவதுதான் நண்பனுக்குத் தெரியாதது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஷாஃப்ட் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் வளைந்து ஆட ஆரம்பிக்கும். நீளம் இரண்டு மடங்கானால் அந்த வேகம் கால்வாசியாகிவிடும். ஐந்தாவது கியர் 0.8 என்றால், எஞ்சின் 6500 சுற்றும்போது ஷாஃப்ட் 8125 சுற்றும்! அலுமினியம் போட்டால் தப்பிக்கலாம் என்பது பாதி உண்மைதான். ஒரே அளவுக் குழாய் என்றால் ஸ்டீலுக்கும் அதற்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எடை குறைவதால் குழாயைப் பருமனாக்கலாம், அங்கேதான் லாபம்.

கார்பன் ஃபைபர் எடை குறைவு, விறைப்பும் அதிகம். 2002-ல் நிஸான் 350இசட் காரிலேயே வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ 2014-ல் எம்3, எம்4 கார்களில் போட்டது. 2017-ல் புகை வடிகட்டி வைக்க இடம் போதாமல், அந்தக் கம்பெனியே மெல்லிய ஸ்டீல் ஷாஃப்டுக்குத் திரும்பியது.

முன் மூட்டு உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி, கம்பு ஊன்றித் தாண்டுவது போல் காரையே தூக்கிவிடும். அதனால்தான் அமெரிக்க டிராக் ரேஸ் விதிகள், வேகமான கார்களில் முன் மூட்டில் இருந்து 6 அங்குலத்துக்குள் ஒரு இரும்பு வளையம் கேட்கின்றன. நண்பனின் நோட்டில் அது இல்லவே இல்லை.

கேள்விக்குறியை அடித்துவிட்டு, "ஸ்டீல், பருமன் கூடுதல், பேலன்ஸ் பார்க்கணும்" என்று எழுதினோம். கீழே "வளையம்" என்று ஒரு வரி சேர்த்தேன். கூட்டிப் பார்த்தால் மொத்தத் தொகை குறைந்திருந்தது :-)