ஆச்சி பார்த்த படம்

நாகர்கோவிலில் மாமாவின் ஸ்டுடியோ மேசைக்கடியில் ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா இருக்கிறது. அசைத்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். உள்ளே இருப்பவை மெமரி கார்டுகள். கேமரா மாற மாற மாமா ஒதுக்கிப் போட்டவை. தூக்கி எறிய மனம் வராதவர்.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது கேட்டார். "மக்கா, புது கேமராவுக்கு கார்டு வாங்கணும். கடைக்காரன் பத்து வகை எடுத்துக் காட்டுகான். வி முப்பதுங்கான், யூ மூணுங்கான், ஒரு எழவும் விளங்கல. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்லா, எது நல்லதுன்னு சொல்லு."

கம்ப்யூட்டர் படித்தவன்தான். இந்த விஷயத்தில் ஒருமுறை மோசமாக ஏமாந்தவனும்கூட. மாமாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் டப்பாவை எடுத்து மேசைமேல் கொட்டினேன்.

2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது மாமாவிடம் இருந்தது ஃபிலிம் கேமரா. சுருளுக்கு 36 படம். ஒவ்வொரு தடவை ஷட்டரை அழுத்தும்போதும் காசு சத்தம் கேட்கும் என்பார். அதே ஜனவரியில் பான்சோனிக்கின் தாய் நிறுவனமான மட்சுஷிதா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து எஸ்.டி. அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. வள்ளுவரும் எஸ்.டி. கார்டும் ஒரே மாதத்துக்காரர்கள் என்று சொன்னால் மாமா சிரிப்பார். ஆனால் அவர் தொழிலை அதிகம் மாற்றியது இரண்டாவதுதான்.

டப்பாவில் ஆகப் பெரியது காம்பாக்ட் ஃப்ளாஷ். தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போல இருக்கும். 1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தை 1988-இல் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. கார்டில் 50 துளைகள், கேமராவுக்குள் 50 ஊசிகள். அவசரத்தில் கோணலாகச் செருகினால் ஊசி வளைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஊசி வளைந்த கதை பழைய போட்டோகிராபர்கள் பலரிடமும் இருக்கும்.

அடுத்தது ஸ்மார்ட்மீடியா, 1995, தோஷிபா. அப்பளம் மாதிரி, முக்கால் மில்லிமீட்டர் கனம்தான். உள்ளே வெறும் சிப். எந்த இடத்தில் எதை எழுதுவது என்ற நிர்வாகம் முழுவதும் கேமராவின் பொறுப்பு. அதனால் பழைய கேமராக்களுக்குப் புதிய, பெரிய கார்டுகள் புரியவில்லை. 128 எம்.பி.யோடு அந்த வம்சம் முடிந்தது. பிறகு சோனியின் மெமரி ஸ்டிக், 1998. ஒலிம்பஸும் ஃபியூஜியும் 2002-இல் கொண்டுவந்த எக்ஸ்.டி., அது 2 ஜி.பி.யைத் தாண்டவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் கேமராவுக்குத் தனிச் சாவி செய்துகொண்டிருந்த காலம் அது. 2010-இல் சோனியே எஸ்.டி.யை ஏற்றுக்கொண்ட பிறகு சண்டை ஏறக்குறைய ஓய்ந்தது.

எஸ்.டி. ஜெயித்ததற்குப் படம் எடுப்பவர்கள் காரணம் என்று நினைத்தால் தவறு. எஸ் என்பது செக்யூர். பாட்டுக் கம்பெனிகளுக்குத் திருட்டு நகல் பயம் வந்திருந்த நேரம். பாட்டைப் பூட்டி வைக்கும் வசதியோடு இதை வடிவமைத்தார்கள். லோகோவைக் கூர்ந்து பாருங்கள், டி எழுத்து ஒரு குறுந்தகடு மாதிரி இருக்கும். தோஷிபா வேறொரு வட்டுக்காக வரைந்து வைத்து, உபயோகப்படாமல் கிடந்த சின்னம் அது. பூட்டை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. தபால்தலை அளவும் விலையும்தான் நின்றன.

இத்தனை வகைகளுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே. ஃப்ளாஷ் மெமரி. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அதைப் பற்றி முதலில் உலகுக்குச் சொன்னார். இன்று கார்டுகளில் இருக்கும் நாண்ட் வகை 1987-இல் வந்தது. ஒரு பெரிய பகுதியை ஒரே வெட்டில் அழிக்க முடிவதைப் பார்த்த சக ஊழியர் ஷோஜி அரியிசுமிக்கு கேமரா ஃப்ளாஷ் ஞாபகம் வந்ததாம். பெயர் அப்படி அமைந்தது. கேமராவிலிருந்து பெயரைக் கடன் வாங்கிய பொருள் பின்னால் கேமராவுக்குள்ளேயே குடியேறியது. மசுவோகாவுக்குக் கிடைத்த மரியாதை குறைவு. பல வருடம் கழித்துத் தன் பங்குக்காக தோஷிபாமீது வழக்குப் போட்டார். 2006-இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. அந்தக் கண்டுபிடிப்பால் நடந்த வியாபாரத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. சிலிக்கானில் கோடிக்கணக்கான சிறு தீவுகள், சுற்றிலும் மின்சாரம் புகாத மெல்லிய மதில். அதிக அழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் மதிலை ஊடுருவி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். எத்தனை மாட்டியிருக்கின்றன என்பதே நம் படம். அழிக்கும்போது அதே மதில் வழியாக வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மதில் கொஞ்சம் சேதமாகும். ஒரு தீவில் ஒரு பிட் மட்டும் வைத்த பழைய வகை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை தாங்கியது. மூன்று பிட் திணிக்கும் இன்றைய மலிவு வகைக்குச் சில ஆயிரம் கிடைத்தாலே பெரிது. சும்மா மேசையில் வைத்திருந்தாலும் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் இன்னும் வேகமாக.

இனி நான் ஏமாந்த கதை.

2013 மார்கழி, சுசீந்திரம் தேர். ஆச்சிக்கு எண்பது தாண்டியிருந்தது. சென்னையில் முதல் வேலை, முதல் சம்பளத்தில் சேர்த்த கேமரா, இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய 64 ஜி.பி. கார்டு. பெயர் பெற்ற கம்பெனியின் அட்டை, ஹோலோகிராம் எல்லாம் இருந்தது. காலையிலிருந்து சுட்டுத் தள்ளினேன். தேர், வடம், தெப்பக்குளம், வளையல் கடை, தோளில் பிள்ளையோடு நிற்கும் அப்பாக்கள். மதியத்துக்குப் பிறகு ஆச்சியைக் கூட்டிவந்து ரத வீதியில் ஒரு திண்ணையில் உட்கார வைத்து எடுத்தேன். கேமராவின் திரையைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "நான் இம்புட்டுக் கெழவியாட்டா இருக்கேன்?" என்று சிரித்தாள். அதையும் எடுத்தேன்.

இரவு லேப்டாப்பில் போட்டேன். எல்லா ஃபைலும் இருந்தது. பெயர், எண், நேரம், அளவு எல்லாம் சரி. முதல் முன்னூற்றுச் சொச்சம் படம் திறந்தது. அதற்குமேல் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அந்த கார்டில் நிஜமாக இருந்தது 8 ஜி.பி.தான். எஸ்.டி. கார்டு ஸ்மார்ட்மீடியா போல வெறும் சிப் இல்லை. உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், கன்ட்ரோலர், உட்கார்ந்திருக்கிறது. "எவ்வளவு இடம் இருக்கு?" என்று கேமரா அதைத்தான் கேட்கும். அது 64 என்று சொன்னால் கேமராவுக்கு 64. எட்டு நிரம்பிய பிறகு வந்ததையெல்லாம் "எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு அது எங்கும் எழுதவில்லை. ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில், நிஜமான எட்டுக்குள் இருந்ததால் அது மட்டும் தப்பித்தது.

அப்படியானால் ஆச்சி பார்த்தது எதை? ஷட்டரை அழுத்தியதும் படம் முதலில் கேமராவின் தற்காலிக நினைவகத்துக்கு வரும். கார்டுக்குப் போவது அதற்குப் பிறகு. எடுத்த உடனே திரையில் தெரிவது அந்தத் தற்காலிகப் பிரதி. அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமென்றால் அது போய்விடும். ஆச்சியின் படம் சில விநாடிகள் இருந்தது. அவள் பார்த்தாள், நான் பார்த்தேன். அடுத்த ஆவணிக்குள் அவள் போய்விட்டாள். படையலுக்குச் சட்டம் போட, மாமா 1998-இல் ஃபிலிமில் எடுத்த படம்தான் கிடைத்தது.

நான் படித்த படிப்பில் இதை ஏன் யாரும் சொல்லித் தரவில்லை என்ற கோபத்தில் பிறகு தேடித் தேடி வாசித்தேன். பன்னி ஹுவாங் என்ற ஹார்டுவேர் பொறியாளர் 2010-இல் போலி மைக்ரோ எஸ்.டி. கார்டுகளைப் பிரித்துப் பார்த்து எழுதியிருந்தார். 2013 டிசம்பரில், நான் தேருக்குப் போன அதே சமயத்தில், ஹாம்பர்க் மாநாட்டில் அவரும் ஷான் கிராஸும் எஸ்.டி. கார்டின் கன்ட்ரோலருக்குள் தங்கள் சொந்த நிரலை ஓட்டிக் காட்டினார்கள். அதில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது வேறு. நல்ல கார்டும் பொய்தான் சொல்கிறது. ஃப்ளாஷ் சிப் பிறக்கும்போதே கெட்டுப்போன இடங்களோடு பிறக்கிறது. பழுதில்லாத சிப் செய்வதைவிட, பழுதை மறைத்துச் சமாளிக்க ஒரு கன்ட்ரோலரை வைப்பது மலிவு. கெட்ட இடத்தை ஒதுக்கி, பிழையைத் திருத்தி, "எல்லாம் நலம்" என்று கேமராவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. போலி கார்டு இதே திறமையை மோசடிக்குப் பயன்படுத்துகிறது.

எங்கள் பக்கத்தில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் என்று ஒரு தொகுதி உண்டு. நாஞ்சில் நாட்டின் வரி, நிலம், வழக்கு எல்லாம் பனையோலையில். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்தார். பின்னாளில் அ.கா.பெருமாள் நூலாகப் பதிப்பித்தார். ஓலை கெட்டால் கண்ணுக்குத் தெரியும். ஓரம் உதிரும், பூச்சி துளைத்த இடம் துளையாகவே இருக்கும். பார்த்தவன் பயந்து, இன்னொரு ஓலையில் பெயர்த்து எழுதுவான். கார்டு கடைசி நாள்வரை அப்படி எதையும் காட்டிக்கொள்ளாது.

மாமா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, இப்ப எத வாங்க?" என்றார்.

கணக்குப் போட்டோம். அவருடைய புது வருமானம் கண்ணாடிப் பாலம். 2024 டிசம்பர் 30-இல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் திறந்தார்களே, அங்கே புது ஜோடிகளுக்கு 4கே வீடியோ. அவர் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். வி30 என்றால் குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்று உறுதி. தாராளம். வி90-க்கு அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. கார்டில் பெரிய எழுத்தில் 170, 200 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், கம்ப்யூட்டரில் இறக்கும்போது மட்டும் உதவும். கேமரா பார்ப்பது எழுதும் வேகத்தை.

அளவில்தான் தகராறு. 256 ஜி.பி. ஒன்று வாங்கினால் நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்றார் கடைக்காரர். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு தோட்டத்துக் குலையையும் ஒருத்தன் தலையிலயா ஏத்துவ? அவன் விழுந்தா?" என்றார். 64-இல் நான்கு எடுத்தோம். புது கேமராவில் இரண்டு கார்டு போடும் இடம் இருக்கிறது, ஒரே படத்தை இரண்டிலும் எழுதும்படி வைத்தாயிற்று. 2018-இல் நிக்கானும் கேனானும் தங்கள் புதிய மிர்ரர்லெஸ் கேமராக்களில் ஒரே ஒரு இடம் வைத்தபோது கல்யாண போட்டோகிராபர்கள் போட்ட சத்தம் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். தாலி இரண்டாம் முறை கட்டப்படுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

வாங்கியது நாகர்கோவிலில், பில்லோடு, மாமாவுக்குத் தெரிந்த கடையில். இருந்தாலும் அன்று ராத்திரி நான்கையும் என் லேப்டாப்பில் எஃப்3 என்ற இலவச நிரலால் சோதித்தேன். கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து, ஒவ்வொரு பைட்டும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். விண்டோஸ்காரர்களுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ இருக்கிறது. ஒரு கார்டுக்கு அரை மணி நேரத்துக்கும் மேலாகிறது.

"இப்பிடி முழுக்க எழுதி அழிச்சா தேஞ்சு போகாதாடே?"

"ஒரு தடவைதான மாமா."

நான்கும் தேறின. மாமா மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணும் மாதமும் எழுதினார். பிறகு மேசைமேல் கிடந்த பழைய கார்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். என் 64 ஜி.பி.யும் அதற்குள்தான் கிடக்கிறது. "இத இன்னும் என்னத்துக்குலே வச்சிருக்க?" என்றார். அதில் ஆச்சியின் இரண்டு படங்களும் பெயரோடு, எடுத்த நேரத்தோடு இருக்கின்றன. 2.47, 2.48. மூடியை அழுத்தி மூடி மேசைக்கடியில் தள்ளினேன்.